எல்லா விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களை அசத்திய வீரர்கள் யார் யார்?

கேள்வி கேட்ட நண்பர் கூடவே மூன்று நிபந்தனைகளும் போட்டிருக்கிறார். கிரிக்கெட்டோடு நின்றுவிடக் கூடாது, ஏன் பிடிக்கும் என்று காரணம் சொல்ல வேண்டும், இப்போது ஆடுகிறவர்களில் ஒருவராவது இருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைகள்தான்.

சாதனைக் கணக்கை வைத்துப் பதில் சொல்வது சுலபம். நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒலிம்பிக்கில் 23 தங்கம். கிரிக்கெட்டில் பிராட்மேன், சராசரி 99.94. அதோடு கதை முடிந்துவிடும். நான் பார்ப்பது வேறு விஷயம். இந்த ஆளுக்காக எதிரில் நிற்பவர் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ள வேண்டி வந்ததா? விதிப்புத்தகத்தில் ஒரு வரியையாவது அடித்து எழுத வேண்டி வந்ததா? வந்தது என்றால் அவர் என் ஆள். இந்தக் கணக்கில் சில பெரிய பெயர்கள் அடிபட்டுப் போகும். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது ஒரு ரசிகனின் சொந்தக் கணக்கு.

முதல் பெயர் முத்தையா முரளிதரன். டெஸ்டில் 800 விக்கெட் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அவருடைய கைதான் சுவாரஸ்யம். ஆஃப் ஸ்பின் என்பது விரலால் திருப்புகிற வித்தை. முரளி மணிக்கட்டால் திருப்பினார். பிறவியிலேயே அவருடைய முழங்கை முழுதாக நீளாது. மணிக்கட்டு மற்றவர்களுக்கு வளையாத அளவுக்கு வளையும், தோளும் அப்படித்தான் சுழலும். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால், லெக் ஸ்பின்னருக்கு மட்டுமே கிடைக்கிற சுழற்சி ஓர் ஆஃப் ஸ்பின்னருக்குக் கிடைத்தது. மற்ற ஆஃப் ஸ்பின்னர்கள் ஐந்தாம் நாள் ஆடுகளத்துக்காகக் காத்திருப்பார்கள். முரளிக்கு முதல் நாளே திரும்பும்.

இப்படிப்பட்ட கையை எந்த விதியில் அடைப்பது என்று கிரிக்கெட்டுக்குத் தெரியவில்லை. 1995 டிசம்பர், மெல்போர்னில் பாக்ஸிங் டே டெஸ்ட். நடுவர் டேரல் ஹேர், முரளி முழங்கையை மடக்கி நீட்டிப் பந்தை எறிகிறார் என்று சொல்லி ஏழு முறை நோபால் கொடுத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ராஸ் எமர்சன் அதையே செய்தபோது, இலங்கைக் கேப்டன் அர்ஜுன ரணதுங்க அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை நடந்தே போய்விட்டார். இத்தனைக்கும் பல்கலைக்கழக ஆய்வகங்களில் முரளியின் கையைப் படம் பிடித்து அளந்து பார்த்தாகிவிட்டது. 2004இல் முழங்கை அசையாதபடி உலோகம் வைத்த கட்டைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் வீசியே காட்டினார். அப்போதும் பந்து திரும்பியது.

அதற்கப்புறம்தான் முழங்கை 15 டிகிரி வரை நீளலாம் என்ற விதி எல்லா வீச்சாளர்களுக்கும் பொதுவாக வந்தது. முரளிக்காக வளைத்த விதி என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்தபோது, சுத்தமான ஆக்‌ஷன் என்று பெயர் வாங்கிய வேகப்பந்து வீச்சாளர்களின் முழங்கையும் பல டிகிரி நீள்வது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாததால் அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். முரளியைச் சந்தேகப்பட்டதால்தான் மற்றவர்களின் லட்சணமும் வெளியே வந்தது.

அவர் என்ன செய்வார் என்பதற்கு 1998 ஓவல் டெஸ்ட் ஒன்று போதும். இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 445 அடித்தும் பத்து விக்கெட்டில் தோற்றது. முரளி முதல் இன்னிங்ஸில் ஏழு, இரண்டாவதில் ஒன்பது. மீதியிருந்த ஒரு விக்கெட் ரன் அவுட். இல்லாவிட்டால் அதையும் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அவருக்குப் பதில் வைத்திருந்தவர் வெஸ்ட் இண்டீஸின் பிரையன் லாரா. 2001இல் இலங்கைக்கு வந்து மூன்று டெஸ்டில் 688 ரன் அடித்தார். முரளியைக் காலை நீட்டி மட்டும் தடுத்துக்கொண்டிருந்தால் ஒரு பந்து எப்படியும் ஏமாற்றிவிடும் என்று தெரிந்துகொண்டு, இறங்கி வந்தும் பின்னால் போயும் ஸ்வீப் செய்தும் ஆடினார். அந்தத் தொடரிலும் முரளி 24 விக்கெட் எடுத்தார், இலங்கை மூன்று டெஸ்டையும் ஜெயித்தது என்பது தனி வேடிக்கை.

கடைசி டெஸ்ட் 2010 ஜூலையில் காலி நகரில், இந்தியாவுக்கு எதிராக. உள்ளே வரும்போது 792 விக்கெட். இதோடு ஓய்வு என்று முன்பே அறிவித்துவிட்டார். எட்டு விக்கெட் வேண்டும், இரண்டே இன்னிங்ஸ். 799 வந்த பிறகு கடைசி ஜோடியாக இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் நகர மறுத்தார்கள். மறுமுனையில் மலிங்கா வீசும்போதெல்லாம், இவர் எடுத்துத் தொலைத்துவிடுவாரோ என்று பார்க்கிறவர்களுக்குப் பதற்றம். கடைசியில் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து ஸ்லிப்பில் மஹேல ஜெயவர்த்தனவின் கைக்குப் போனது. டெஸ்ட் கிரிக்கெட்டில் முரளி வீசிய கடைசிப் பந்து அதுதான்.

சரி, சச்சின் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு சென்னைக் கதை. 1998 மார்ச்சில் ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் இந்தியாவுக்கு வரப்போகிறார். லெக் ஸ்டம்புக்கு வெளியே, காலடித் தடத்தால் பெயர்ந்துபோன இடத்தில் ரவுண்ட் தி விக்கெட்டில் வந்து பந்தைக் குத்துவார் என்று சச்சினுக்குத் தெரியும். அதனால் சென்னையில் வலைப்பயிற்சி ஆடுகளத்தில் அதே இடத்தை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கச் சொல்லி, நம்ம ஊர் லெக் ஸ்பின்னர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அங்கேயே குத்தச் சொல்லி ஆடிப் பழகினார். சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்ஸில் நாலு ரன்னில் வார்னிடமே அவுட், ஸ்லிப்பில் மார்க் டெய்லர் கேட்ச். இரண்டாவது இன்னிங்ஸில் 155 நாட் அவுட். அந்தச் சொரசொரப்பான இடத்தில் குத்தி வந்த பந்துகளைத் திருப்பத்துக்கு எதிராகவே மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்தார். இந்தியா 179 ரன்னில் ஜெயித்தது.

அந்த டெஸ்டில் ஜெயித்தவர் சச்சின்தான், சந்தேகமில்லை. ஆனால் உலகத்தின் சிறந்த பேட்ஸ்மேனை ஆடுகளத்தைக் கெடுத்துப் பயிற்சி எடுக்க வைத்தவர் வார்ன். இந்தியாவுக்கு எதிராக வார்னின் சராசரி மோசம், அதுவும் உண்மை. என் கணக்கில் இரண்டு பேருமே தேறிவிடுகிறார்கள்.

இந்த மாதிரி ஒருவருக்காக ஒருவர் மாறிய கதை டென்னிஸில் இன்னும் தெளிவாக இருக்கிறது. ரஃபேல் நடாலை விரும்புகிறவர்கள் 14 பிரெஞ்ச் ஓபன் என்று ஆரம்பிப்பார்கள். பாரிஸின் அந்தச் செம்மண்ணில் 112 ஆட்டங்கள் ஜெயித்து நாலு மட்டுமே தோற்றிருக்கிறார். ஆனால் நடால் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு பந்து. அவர் இடது கையால் ஃபோர்ஹேண்ட் அடிக்கிறார். ராக்கெட் பந்தின் அடியிலிருந்து உரசிக்கொண்டு மேலே போய்த் தலைக்கு மேல் சாட்டை மாதிரி சுழல்கிறது. பந்து வலையைத் தாண்டும்போது நல்ல உயரம், பின்னால் திடீரென்று இறங்கி, தரையில் பட்டதும் எகிறுகிறது. எங்கே எகிறுகிறது? வலது கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம், தோள் உயரத்துக்கு. ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிக்கிற ரோஜர் ஃபெடரருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. இடுப்பு உயரத்தில் அவர் அடிக்கும் பேக்ஹேண்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தோள் உயரத்தில் வந்தால் வெட்டித்தான் போட முடியும், அதற்குள் நடால் அடுத்த பந்துக்கு ரெடி.

2008 பிரெஞ்ச் ஓபன் இறுதியில் 6-1, 6-3, 6-0. ஃபெடரர் அப்போது உலகின் நம்பர் ஒன். பாரிஸில் ஆறு முறை மோதி ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. நான் ஃபெடரர் கட்சி என்பதால் இதை எழுதவே கை வரவில்லை.

அப்புறம் என்ன செய்தார் ஃபெடரர்? 2014 வாக்கில் வருடக்கணக்காகப் பழகிய சின்ன ராக்கெட்டை விட்டுவிட்டு 97 சதுர அங்குல ராக்கெட்டுக்கு மாறினார். ராக்கெட்டின் தலை பெரிது என்றால் பேக்ஹேண்டில் தவறான அடி குறையும். 2016இல் முழங்காலுக்காகப் பாதி வருடம் விலகியிருந்துவிட்டு, 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிக்கு வந்தார். 35 வயது. எதிரில் அதே நடால், அதே ஃபோர்ஹேண்ட். இந்தத் தடவை பந்து தோளுக்கு ஏறும்வரை ஃபெடரர் காத்திருக்கவில்லை. பின்கோட்டிலிருந்து பின்வாங்காமல், பந்து தரையிலிருந்து எழும்போதே முன்னால் போய்த் தட்டையாக அடித்தார். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியபோது பழைய கதைதான் என்று நினைத்தவர்கள் அதிகம். அங்கிருந்து வரிசையாக ஐந்து கேம். 6-3.

அந்த ஐந்தாவது செட்டை மறுபடி பார்ப்பவர்கள் ஃபெடரரின் கால்களை மட்டும் கவனியுங்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் அதே பந்துக்கு இரண்டு அடி பின்வாங்கிய கால்கள். அந்த வருடம் மோதிய நாலு முறையும் அவர்தான் ஜெயித்தார். நடால் என்ற ஒருவர் இல்லாவிட்டால் ஃபெடரருக்கு அந்தப் பேக்ஹேண்ட் வந்தே இருக்காது.

விதியும் மாறவில்லை, எதிராளியும் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் விளையாட்டே தலைகீழாகப் போன கேஸும் உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபோஸ்பரி. உயரம் தாண்டுதலில் அதுவரை எல்லோரும் வயிறு கீழே பார்க்கிற மாதிரி உருண்டோ, கத்தரி மாதிரி காலை வீசியோ தாண்டினார்கள். இந்த அமெரிக்கப் பையன் வளைவாக ஓடிவந்து, கம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தலையை முதலில் அனுப்பி, முதுகை வில்லாக வளைத்து, கடைசியில் காலை உதறி எடுத்தார். உடம்பின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொன்றாகக் கம்பியைத் தாண்டுவதால், உடம்பின் எடைமையம் கம்பிக்குக் கீழேயே போனாலும் ஆள் தாண்டிவிடலாம். அதே கால் பலத்துக்குக் கூடுதல் உயரம். 2.24 மீட்டர், தங்கம்.

இதற்குப் பின்னால் இருக்கும் ரகசியம் கால்களில் இல்லை, மெத்தையில் இருக்கிறது. மணலிலோ மரத்தூளிலோ விழுந்த காலத்தில் கழுத்தும் முதுகும் தரையில் படும்படி யார் குதிப்பார்? அந்தச் சமயத்தில்தான் கனமான நுரை மெத்தைகள் பரவலாக வந்துகொண்டிருந்தன. கனடாவில் டெபி பிரில் என்ற பெண்ணும் ஃபோஸ்பரியைப் பார்க்காமலே இதே பாணியைக் கண்டுபிடித்தார் என்பதால், மெத்தை வந்துவிட்ட பிறகு யாராவது ஒருவர் எப்படியும் கண்டுபிடித்திருப்பார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. இருந்தாலும் ஒலிம்பிக்கில் உலகமே பார்க்கச் செய்துகாட்டியவர் ஃபோஸ்பரி. 1972 மியூனிக்கில் பழைய பாணியில் ஒருவர் தங்கம் வாங்கினார். ஆண்கள் பிரிவில் அதுவே கடைசி.

கூடைப்பந்தில் கரீம் அப்துல் ஜப்பார் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்லூரியில் ஆடும்போது அவர் பெயர் லூ அல்சிண்டர், உயரம் ஏழடிக்கு மேல். முதல் சீசனிலேயே வளையத்துக்குள் பந்தைத் திணித்து எல்லோரையும் நசுக்கியதும், 1967இல் கல்லூரி ஆட்டங்களில் டங்க் அடிப்பதையே தடை செய்துவிட்டார்கள். அவருக்காகத்தான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன செய்தார் என்றால், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தன் தோளையே எதிராளிக்குக் குறுக்கே வைத்து, ஒற்றைக் கையை முழுதாக நீட்டி உச்சியிலிருந்து பந்தை வளைத்து விடும் ஸ்கைஹுக்கைத் தீட்டிக் கூர்மையாக்கிக்கொண்டார். தடுக்க வேண்டுமென்றால் அவர் தோளைத் தாண்டி, அவர் கைக்கும் மேலே எட்ட வேண்டும். 1976இல் தடையை எடுத்துவிட்டார்கள், ஸ்கைஹுக் போகவில்லை. அதை வைத்து 38,387 புள்ளி வரை போனார். 2023இல் லெப்ரான் ஜேம்ஸ் தாண்டும்வரை அதுதான் என்பிஏ சாதனை.

கால்பந்தில் மெஸ்ஸி என்று சொன்னால் புதிதாக என்ன சொல்லப்போகிறாய் என்பீர்கள். ஒரே ஒரு மேட்ச். 2009 மே 2, ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானம். பார்சிலோனா பயிற்சியாளர் கார்டியோலா மெஸ்ஸியை வலது ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் போட்டார், ஆனால் நடு முன்கள வீரர் நிற்கும் இடத்தில் அவர் நிற்கவில்லை, பின்னால் இறங்கி நின்றார். கன்னவாரோவும் மெட்ஸெல்டரும் ரியலின் தடுப்பாளர்கள். கூடவே போனால் பின்னால் காலியிடம், அதில் ஹென்ரி ஓடிவருவார். போகாவிட்டால் மெஸ்ஸி பந்தோடு திரும்பி நேராக வருவார். 90 நிமிடமும் அவர்களால் முடிவெடுக்க முடியவில்லை. பார்சிலோனா 6-2. ஹென்ரி இரண்டு, மெஸ்ஸி இரண்டு.

செஸ்ஸை விளையாட்டில் சேர்ப்பீர்களா என்று சிலர் கேட்பார்கள். சென்னையில் பிறந்தவனிடம் அந்தக் கேள்வியே தப்பு. விஸ்வநாதன் ஆனந்த் 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் ஆடிய உலகப் பட்ட மேட்ச்சைச் சொல்கிறேன். எதிரில் விளாடிமிர் கிராம்னிக். 2000இல் காஸ்பரோவிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர், அதுவும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல். காஸ்பரோவ் இ4 (ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்கம்) ஆடினால் பெர்லின் தற்காப்பு என்று சுவர் எழுப்பி உட்கார்ந்துவிட்டார். ஆனந்தும் காலமெல்லாம் இ4 ஆடுகிறவர். அதற்குக் கிராம்னிக்கிடம் பெட்ரோஃப் என்று இன்னொரு சுவர் இருந்தது. எனவே ஆனந்த் வெள்ளைக் காயோடு உட்கார்ந்து டி4, அதாவது ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தி ஆடினார். மாதக்கணக்கில் கிராம்னிக் கூட்டம் தயாரித்ததெல்லாம் வீண். கறுப்புக் காயிலும் விடவில்லை, அமைதியாக ஆடுகிறவரைக் கலவரமான மெரான் நிலைகளுக்குள் இழுத்து மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களைக் கறுப்பிலேயே ஜெயித்தார். ஆறாவதும் ஜெயித்ததும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கடைசியாகப் பதினோராவது ஆட்டத்தில், கிராம்னிக் ஜெயித்தே ஆக வேண்டிய நிலையில், ஆனந்த் சாவகாசமாக இ4 ஆடினார். ஜெயிக்க வேண்டியவர் சுவருக்குப் பின்னால் உட்கார முடியுமா? அடித்து ஆடும் சிசிலியன் தற்காப்புக்குப் போனார், 24 நகர்த்தலில் டிரா, பட்டம் ஆனந்துக்கு. அந்த ஒரு இ4இல் இருக்கும் குறும்பு எனக்குப் பத்து தங்கத்துக்குச் சமம்.

ஜிம்னாஸ்டிக்ஸில் சிமோன் பைல்ஸ் விஷயம் கொஞ்சம் கசப்பானது. 2019 உலகப் போட்டிக்கு முன்னால், சமநிலைக் கட்டையிலிருந்து இறங்கும்போது இரண்டு குட்டிக்கரணமும் இரண்டு முறுக்கும் சேர்ந்த ஓர் இறக்கத்தைச் சமர்ப்பித்தார். சம்மேளனம் அதற்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவான மதிப்பே கொடுத்தது. மற்ற பெண்கள் இதைப் பார்த்து முயன்று கழுத்தை முறித்துக்கொள்ளக் கூடாதே என்பதும் ஒரு காரணமாம். பாதுகாப்பு முக்கியம்தான். ஆனால் முடிகிறவளுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது என்ன நியாயம்? அந்த இறக்கம் இப்போது அவர் பெயரிலேயே விதிப்புத்தகத்தில் இருக்கிறது. டோக்கியோவில் காற்றில் திசை தெரியாமல் போய் நடுவிலேயே விலகியபோது ஆளாளுக்குப் பேசினார்கள். 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார்.

உசைன் போல்ட்? பிடிக்கும். மற்றவர்கள் 44, 45 தப்படி வைக்கும் நூறு மீட்டரை 41 தப்படியில் முடித்தார், 9.58 விநாடி. ஆனால் பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவரால் அதைப் பார்த்து எதையும் மாற்றிக்கொள்ள முடியாது, உயரத்தைக் கூட்டிக்கொள்ளவா முடியும்? ஃபெல்ப்ஸும் அப்படித்தான். பார்த்துக் கைதட்டலாம்.

இப்போது ஆடுகிறவர்களில் ஒருவர் என்றால் ஜஸ்பிரித் பும்ரா. ஓடிவருவது சில தப்படிதான், அதுவும் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில். பேட்ஸ்மேன்கள் வீச்சாளரின் ஓட்டத்தை வைத்துத்தான் தங்கள் அசைவை ஆரம்பிப்பார்கள், இங்கே அந்தத் தாளமே கிடையாது. கை விறைப்பாக நீண்டு, முழங்கை பின்பக்கமாகக்கூட வளைகிறது. அது எறிவதில் சேராது. பந்தையும் மற்றவர்களைவிட முன்னால் கொண்டுவந்து விடுகிறார், ஆடுகிறவருக்கு நேரம் குறைகிறது. டெஸ்டில் 200 விக்கெட் தாண்டும்போது சராசரி இருபதுக்குக் கீழே வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

2024 டிசம்பர் 26, மெல்போர்ன். இந்தியா - ஆஸ்திரேலியா தொடரில் அது நாலாவது டெஸ்ட், அதுவரை ஆஸ்திரேலியாவின் தொடக்க ஆட்டக்காரர்கள் பும்ராவிடம் பட்டபாடு சொல்லி மாளாது. வழக்கமான தற்காப்பு எடுபடாது என்று முடிவு கட்டி, 19 வயது சாம் கான்ஸ்டாஸை அறிமுகப்படுத்தினார்கள். புதுப் பந்தில், டெஸ்டின் முதல் ஒரு மணி நேரத்திலேயே, அந்தப் பையன் மட்டையைத் திருப்பிப் பிடித்து பும்ராவைச் சிக்ஸருக்கு அனுப்பினான். டெஸ்டில் பும்ராவை யாரும் சிக்ஸர் அடித்து ஏறக்குறைய நாலு வருடம் ஆகியிருந்தது. 65 பந்தில் 60. இரண்டாவது இன்னிங்ஸில் பும்ராவின் பந்து மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து ஸ்டம்பைப் பெயர்த்தது, கான்ஸ்டாஸ் 8.

அந்தத் தொடரில் பும்ரா எடுத்தது 32 விக்கெட், சராசரி 13.06. சிட்னியில் கடைசி இன்னிங்ஸில் முதுகுப் பிடிப்பால் அவர் பந்து வீச வரவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 162. நாலே விக்கெட் இழப்பில் அடித்துவிட்டார்கள்.